உயரம் பாதி, கவாத்து பாதி

மாசி பிறந்துவிட்டால் மும்பை ஆண்டாப் ஹில்லில் எந்தத் தெருவில் திரும்பினாலும் தள்ளுவண்டியில் திராட்சைதான். சி.ஜி.எஸ். காலனிப் பக்கம் போனாலும், ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனுக்கு நடந்தாலும், பச்சையும் கறுப்புமாகக் கொத்துகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நாசிக் சரக்கு. அதே மாவட்டத்தில் அதே மாதங்களில் இன்னொரு திராட்சையும் அறுவடையாகிறது. அது நம் தெருவுக்கு வருவதில்லை. மணி சிறியது, தோல் தடித்தது, உள்ளே விதை இருக்கும். கடித்துத் தின்ன அவ்வளவு வாகாக இராது. நேரே ஆலைக்குப் போய் ஒயினாகிறது. இந்தியாவில் தயாராகும் ஒயினில் பெரும் பங்கு மும்பையிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள அந்த மேட்டு நிலத்திலிருந்துதான் வருகிறது.

நாசிக் ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டர், சஹ்யாத்ரியின் உச்சி விளிம்பு, அந்த உயரம்தான் இந்த வெப்ப நாட்டில் ஒயினைச் சாத்தியமாக்குகிறது. சுற்றுலா விளம்பரங்களிலும் பாட்டில் சீட்டுகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். மறுபாதி, விவசாயி கத்திரிக்கோலை எடுக்கும் நாளில் இருக்கிறது. அதைப் பேசாமல் நாசிக் ஒயினின் குணத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

உயரம் திராட்சைக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர் கூடுதலாக விழும். அதைத் தாங்க மணி தன் தோலைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் கிடைக்கின்றன. பகலில் வெயில் அடித்துச் சர்க்கரை ஏறும், இரவில் குளிர்ந்து புளிப்பு கரையாமல் நிற்கும். இனிப்பு ஏறுகிற அதே நேரத்தில் புளிப்பும் போய்விடாமல் இருப்பதுதான் நல்ல ஒயினுக்கான திராட்சையின் அடிப்படை. சமவெளியில் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. மலையில் கிடைக்கும்.

இதை உலகத்தில் மிகத் தெளிவாகக் காட்டும் இடம் அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலை. சால்தா மாநிலத்தின் கல்ச்சாக்கி பள்ளத்தாக்கில் காஃபயாத்தே என்ற ஊர் சுமார் 1,700 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, நெடுந்தூரம் செம்மண் புழுதியாகக் கிடக்கும் 40ஆம் எண் சாலையில் ஏறிப் போனால் மோலினோஸ் வட்டாரத்தில் 1831இல் தொடங்கிய கொலோமே என்ற பண்ணை. அதன் மிக உயர்ந்த தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியைவிட ஏறக்குறைய அரை கிலோமீட்டர் மேலே கொடி வளர்க்கிறார்கள். மழை மிகவும் குறைவு, ஆண்டில் முக்கால்வாசி நாள் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வந்தால்தான் உண்டு. நோயும் பூஞ்சையும் அரிது. வெயிலும் குளிரும் மட்டுமே கொடியோடு பேசுகின்றன. அங்கே விளையும் மால்பெக் மை போலக் கறுத்திருக்கும். டொரோன்டெஸ் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினில் மல்லிகை மணம் கிளம்பும், நாக்கில் வைத்தால் வறட்சியும் புளிப்பும். மணத்துக்கும் சுவைக்கும் இடையிலுள்ள அந்த முரண்தான் சால்தாவின் முகவரி.

சீனாவின் யுன்னான் மாநிலத்திலும் இதே கதை வேறு நிலக்காட்சியோடு நடக்கிறது. திபெத்திய எல்லையை ஒட்டிய மலைக் கிராமங்களில், 2,200 மீட்டருக்கும் 2,600 மீட்டருக்கும் இடையில், பிரான்சின் மொயெ ஹென்னஸி நிறுவனம் 'ஆவ் யுன்' என்ற சிவப்பு ஒயினைத் தயாரிக்கிறது. இதே நிறுவனம்தான் 2013இல் நாசிக்கின் திண்டோரி வட்டாரத் திராட்சையிலிருந்து ஷாந்தோன் என்ற நுரை ஒயினை இந்தியாவில் வெளியிட்டது. ஒரே கை இரண்டு உயரங்களைத் தொட்டது. யுன்னானில் அது தேடியது கறுத்த, கனத்த சிவப்பு. நாசிக்கில் தேடியது சீக்கிரம் அறுத்த, புளிப்பு மிஞ்சிய நுரை ஒயின். இரண்டு மண்ணுக்கும் குணம் வேறு என்பதை அவர்களின் தேர்வே சொல்லிவிடுகிறது.

உயரத்தை வைத்து ஓர் ஊரை மலை ஒயின் ஊர் என்று சொல்வதற்கு ஐரோப்பாவில் வரையறையே இருக்கிறது. இத்தாலியின் ஆவ்ஸ்டா பள்ளத்தாக்கில் இயங்கும் செர்விம் என்ற அமைப்பு, மலைச் சாகுபடி செய்யும் ஒயின் தோட்டங்களுக்காக 1987இல் தொடங்கப்பட்டது. 500 மீட்டருக்கு மேல் இருக்கலாம், அல்லது 30 சதவீதத்துக்கு மேல் சரிவு இருக்கலாம், அல்லது படிக்கட்டு வயலாகவோ சிறு தீவாகவோ இருக்கலாம் என்பது அதன் கணக்கு. 500 மீட்டர் என்றதும் நாசிக் உள்ளே வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: பீடபூமிகள் சேராது.  நாசிக் இருப்பது தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்பு. எனவே ஐரோப்பியக் கணக்குப்படி அது மலை ஒயின் ஊர் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாசிக்கின் குணத்தைத் தேட வேண்டிய இடம் வேறு என்பதற்கு இது முதல் தடயம்.

மும்பையிலிருந்து போகிறவருக்கு அந்த உயரம் உடம்பிலேயே தெரியும். தாதரில் தபோவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் கல்யாண் தாண்டி கசாரா வரை வியர்வைதான். கசாராவில் மலை தொடங்குகிறது. அந்தத் தடத்தில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்காகவே பின்னால் துணை எஞ்சின்களை மாட்டித் தள்ளுவது நெடுநாள் வழக்கம். 1865இல் திறந்த பாதை அது. சுரங்கப்பாதைகளைத் தாண்டி இகத்புரியில் வண்டி நிற்கும்போது ஜன்னலில் வருகிற காற்று வேறு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 மீட்டருக்குக் குறைவது நான்கு டிகிரிகூட இல்லை. ஜனவரியில் சாந்தாகுரூஸில் விடியற்காலை வெப்பம் 16, 17 டிகிரி என்றால் நாசிக்கில் 10ஐ ஒட்டி நிற்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். நிஃபாட் வட்டாரத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, புல்லின் மேல் பனி உறைந்த படங்கள் பல மார்கழிகளில் மராத்திப் பத்திரிகைகளில் வருகின்றன. விவசாயிகள் தோட்டத்து வரிசைகளுக்கிடையே தீ மூட்டிக் கொடிக்குச் சூடு கொடுக்கிறார்கள். உயரம் மட்டும் இவ்வளவு குளிரைக் கொடுக்க முடியாது. மீதி எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து விலகியிருப்பதால் வந்தது. மலைத்தொடர் அரபிக்கடலின் ஈரத்தை மறித்துவிடுகிறது. கார்த்திகைக்குப் பிறகு வானில் மேகம் இல்லை. பகலில் நிலம் வாங்கிய சூடு இரவில் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. வடக்கேயிருந்து வாடைக் காற்றும் இறங்குகிறது. பகலில் 28, 29 டிகிரி, இரவில் 10. இந்தப் பதினெட்டு டிகிரி வித்தியாசம்தான் நாசிக்கின் சொத்து.

வேறு இரண்டு மேட்டு நிலங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம், தொட்டபள்ளாபுரம் பக்கம், 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. கன்வல் குரோவர் பிரான்சிலிருந்து ஜார்ஜ் வெசெல் என்ற ஷாம்பெயின் வல்லுநரை அழைத்து வந்து, பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு அங்கே தோட்டம் போட்டார். பின்னர் போர்தோவின் மிஷெல் ரோலான் ஆலோசகராக வந்தார். நாசிக்கைவிட 300 மீட்டர் மேலே இருந்தும் அங்கே குளிர்கால இரவு அவ்வளவு இறங்குவதில்லை. பகலும் அவ்வளவு ஏறுவதில்லை. 13ஆம் பாகை அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரியான மிதம். குரோவரின் 'லா ரிசர்வ்' சிவப்பு ஒயினில் உள்ள சாதுவான, உருண்ட சுவைக்கு அந்த மிதம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நம் கொடைக்கானல். 2,100 மீட்டர். உயரம்தான் எல்லாம் என்றால் தென்னிந்தியாவின் பெரிய ஒயின் ஊர் அங்கேதான் உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை. உருவாகவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலில் கொட்டுகிறது. நாசிக்கில் கொடி பூத்து மணி பிடிக்கும் அதே வாரங்களில் பழனி மலையில் இலை நனைந்துகொண்டே இருக்கும். நனைந்த இலையில் அடிச்சாம்பல் நோய் இறங்கினால் சில நாட்களிலேயே பூங்கொத்து கருகிவிடும். குளிர் மட்டும் போதாது, வறண்ட குளிர் வேண்டும். தமிழ்நாட்டு மலைகளுக்கு இயற்கை அதைக் கொடுக்கவில்லை.

இனி கவாத்து.

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், கோடையில் காய்க்கும், இலையுதிர் காலத்தில் அறுவடை. நம் வெப்பத்தில் அது உறங்குவதே இல்லை. விட்டால் வருடம் முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். எப்போது காய்க்க வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்கிறான். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுருளிப்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டிப் பக்கம் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடையாகும். ஒரு தோட்டத்தில் வெட்டு, பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் பிஞ்சு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. கவாத்துத் தேதியை மாற்றி மாற்றி, ஒரே கொடியில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மகசூல் எடுப்பது அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

நாசிக்காரர் இரண்டு முறை வெட்டுகிறார், ஒரு முறைதான் அறுக்கிறார். ஏப்ரலில் அறுவடை முடிந்த கொடியை ஒட்ட வெட்டுகிறார்கள். மராத்தியில் இதற்குக் 'கரட் சாட்டணி' என்று பெயர். அந்த வெட்டிலிருந்து வரும் கிளை மழைக்காலம் முழுக்க வளர்ந்து, அடுத்த பழத்துக்கான மொட்டை உள்ளேயே சுமந்து நிற்கும். பிறகு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் இரண்டாவது வெட்டு. அந்த வெட்டிலிருந்துதான் பூவும் காயும். கோடையில் காய்த்திருக்க வேண்டிய கொடியை இப்படிக் குளிர்காலத்துக்கு நகர்த்திவிடுகிறார்கள். வட அரைக்கோளத்தில் இருந்துகொண்டு, சிலியும் தென்னாப்பிரிக்காவும் அறுவடை செய்கிற மாதங்களில் நாசிக் அறுவடை செய்கிறது. சால்தாக்காரர் மலையேறிப் பெற்ற குளிரை நாசிக்காரர் நாட்காட்டியில் நகர்ந்து பெற்றார்.

அந்த இரண்டாவது வெட்டுக்கு அடுத்த நாள் தோட்டத்தில் நடப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். உறங்காத கொடிக்கு ஒரே சீராகத் துளிர்க்கத் தெரியாது. நுனி மொட்டு முந்தும், மற்றவை சோம்பும். எல்லா மொட்டும் ஒரே நாளில் விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து, துணி சுற்றிய கையால் ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுப் போகிறார்கள். தோட்டத்தில் இதற்குப் 'பேஸ்ட்' என்று பேர். கையுறை போட வேண்டும், முகத்தை மூட வேண்டும். அதோடு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: பேஸ்ட் போட்டவர் சில நாட்களுக்கு மதுவைத் தொடக் கூடாது. அந்த மருந்து, உடம்பில் மது சிதைந்து வெளியேறும் வழியை அடைத்துவிடும். கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டும். ஒயினுக்கான கொடியை எழுப்புகிறவரின் உடம்பு அந்த நாட்களில் ஒரு வாய் ஒயினைக்கூட ஏற்காது. நாசிக் ஒயினைப் பற்றிய எந்த விளம்பரத்திலும் இதை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தக் கைகள் பெரும்பாலும் நாசிக் நகரத்துக் கைகள் அல்ல. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பேட், சுர்காணா தாலுகாக்கள் இருக்கின்றன. காடும் மேடுமான ஆதிவாசி நாடு. கோக்ணா, மகாதேவ் கோலி, வார்லி மக்கள் மழைக்காலத்தில் நெல்லும் கேழ்வரகும் விதைத்து அறுத்துவிட்டு, தண்ணீர் வற்றியதும் குடும்பத்தோடு திண்டோரி, நிஃபாட் தோட்டங்களுக்கு இறங்குகிறார்கள். கவாத்து, பேஸ்ட், தளிர் கிள்ளல், இலை விலக்கல், அறுவடை எல்லாம் அவர்கள் வேலை. தொலைதூர மலைநாடு என்ற சொல் நாசிக் ஒயினில் எதற்காவது முழுமையாகப் பொருந்தும் என்றால், தோட்டத்துக்கு அல்ல, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் ஊருக்குத்தான். தோட்டமோ நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2025 ஜூனில் சம்ருத்தி மகாமார்க்கின் இகத்புரி–ஆமனே பகுதியும் திறந்த பிறகு மும்பைக்காரருக்கு அது இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

அக்டோபரில் வெட்டிய கொடியில் பழுத்த திராட்சைக்கு வருவோம். இங்கேதான் நாசிக்கின் தனிக்குணம் பிறக்கிறது. ஐரோப்பாவில் மணி நிறம் மாறத் தொடங்குவது ஆகஸ்டின் வெயிலில். அறுவடை நெருங்க நெருங்க நாள் குறுகும், காற்று குளிரும், பழம் நிதானமாகக் கனியும். அறுக்கிறவர் காத்திருக்கலாம். நாசிக்கில் எல்லாம் தலைகீழ். மணி நிறம் மாறத் தொடங்குவது மார்கழிக் குளிரில், பகல் பதினொரு மணி நேரம்கூட இல்லாத நாட்களில். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பகல் நீள்கிறது, வெயில் ஏறுகிறது. மார்ச்சில் பகல் 35 டிகிரி. பழம் கனியக் கனியக் கோடை துரத்திக்கொண்டு வருகிறது. சர்க்கரை கிடுகிடுவென ஏறும், புளிப்பு அதே வேகத்தில் இறங்கும். விதை பழுப்பாகி முற்றுவதற்குள் சர்க்கரை அளவு அறுவடைக் கணக்கைத் தாண்டிவிடும். ஒரு வாரம் தாமதித்தால் ஒயின் தட்டையாகிவிடும்.

அதனால்தான் வெள்ளை வகைகளை முதலில், ஜனவரியிலேயே அறுக்கத் தொடங்குகிறார்கள். சவிஞோன் பிளாங்கும் செனின் பிளாங்கும் நாசிக்கில் நன்றாக வந்ததற்குக் காரணம் இதுதான். வெயில் முற்றும் முன் அவை கூடைக்குப் போய்விடுகின்றன. நல்ல ஆண்டின் நாசிக் சவிஞோனில் பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளியதுபோல் ஒரு வாசம், பின்னால் கொய்யா, எலுமிச்சை. உயரமும் குளிரும் பேசுவது அந்தப் பச்சை வாசத்தில்தான். சிவப்புக்கு நிலைமை கடினம். ஷிராஸ் பிப்ரவரி, மார்ச் வரை கொடியில் நிற்க வேண்டும். அதனால் நாசிக் ஷிராஸில் ஒரே நேரத்தில் இரண்டு பருவம் தெரியும்: குளிரில் உருவான மிளகுக் காரமும், வெயிலில் வெந்த பழத்தின் ஜாம் வாடையும். சிலருக்கு இது குழப்பம். எனக்கு இதுதான் இந்த ஊரின் நேர்மையான கையெழுத்து. புளிப்பு குறைந்த சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்வது வெப்ப நாட்டு ஆலைகள் பலவற்றிலும் உள்ள வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அளவு மீறினால் புளிப்பு ஒரு பக்கமும் பழம் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நிற்கும். மலிவான பாட்டில்களில் அது தெரிகிறது.

இரவுக்கும் பகலுக்கும் உள்ள அந்தப் பெரிய வித்தியாசத்தின் வேலையை நேரில் காண வேண்டுமானால் ஒயின் தோட்டத்தைவிடப் பக்கத்துத் தின்னும் திராட்சைத் தோட்டத்துக்குப் போவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் அங்கே ஒவ்வொரு கொத்தையும் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பார்கள். வரிசை வரிசையாகக் காகிதப் பொட்டலங்கள் தொங்கும். காரணம், பச்சையாக இருக்க வேண்டிய தாம்சன் வகை மணிகளில் கடுங்குளிர் இரவும் வெயில் பகலும் மாறி மாறி வந்தால் ரோஜா நிறம் ஏறிவிடும். 'பிங்க் பெரி' என்பார்கள். சந்தையில் அதற்கு விலை போகாது, ஏற்றுமதிக்கும் ஆகாது. மணியில் நிறமியைத் தூண்டுகிற அந்தக் குளிர்–வெயில் மாற்றத்தைத்தான் ஒயின்காரர் தன் ஷிராஸுக்காக வேண்டி நிற்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் காகிதம் சுற்றித் தடுக்கிறார்கள், அந்தப் பக்கம் இலையைக் கிள்ளி வரவேற்கிறார்கள்.

மண்ணைப் பற்றி நிறையச் சொல்வார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, அதன் மேல் சரளையான முருமு, பள்ளத்தில் கரிசல். கரிசலில் கொடி தறிகெட்டுத் தழைக்கும். முருமு மேட்டில் அடங்கி நிற்கும், ஒயினுக்கு அதுதான் நல்லது. ஆனால் மண் நேரே கொடியோடு பேசுவதில்லை. 1990களிலிருந்து உப்பையும் வறட்சியையும் தாங்க மகாராஷ்டிரத்தில் பரவலாக 'டாக்ரிட்ஜ்' என்ற அமெரிக்க வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். அது மூர்க்கமாக வளரும் சாதி. புனே அருகே மாஞ்சரியில் 1997இல் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அடங்கி வளரும் வேர்ச்செடிகளையும் சோதித்து வருகிறது. மண்ணின் சுவை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு அந்த வேர்ச்செடியின் குணம் என்பது இன்னும் திறந்த கேள்வி.

வரலாறு நீளமானதல்ல. புனே மாவட்டத்து நாராயண்காவில் 1980களில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 'ஓமர் கய்யாம்' என்ற நுரை ஒயினை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்த ராஜீவ் சாமந்த், 1990களின் பிற்பகுதியில் கங்காபூர் அணைப் பக்கம் குடும்ப நிலத்தில் சவிஞோனும் செனினும் நட்டார். கலிபோர்னிய ஒயின் நிபுணர் கெர்ரி டாம்ஸ்கி துணை நின்றார். தாய் சுலபாவின் பெயரைச் சுருக்கிய 'சுலா'வின் முதல் ஒயின் 2000இல் வந்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதனிடும் கொள்கையை அறிவித்து வரிச்சலுகை தந்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா எழுந்தது. தின்னும் திராட்சைக்காரர்கள் பலர் ஒயின் வகைக்கு மாறினார்கள். 2008இல் உலகப் பொருளாதாரச் சரிவும் நவம்பரில் மும்பைத் தாக்குதலும் வந்தன. ஓட்டல்கள் காலி, ஆலைகளில் தேங்கிய ஒயின், வாங்க ஆளில்லாத பழம். கொடியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி தாம்சனுக்குத் திரும்பியவர்கள் அதிகம். ஓர் ஊர் தன் நிலத்தின் குணத்தைக் கண்டுபிடிக்க ஒரே கொடியோடு இருபது, முப்பது ஆண்டு பழக வேண்டும். நாசிக்கில் அந்தப் பழக்கம் பாதியில் அறுந்தது. இதுவே எனக்குப் பெரிய வருத்தம்.

இன்று 'நாசிக் வேலி ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மாவட்டத்தையே ஒன்றாக்கிப் போட்ட கோடு அது. ஆனால் இகத்புரியில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிறது. அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிஃபாடில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முகணே ஏரிக்கரையில் 'வல்லோனே' என்ற ஆலை விளைவிக்கும் பழமும், திண்டோரி மேட்டில் விளையும் ஷிராஸும், நிஃபாடின் உறைபனியில் நின்ற பழமும் ஒரே பெயரில் அடங்குவது நியாயமில்லை. சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்து, பாட்டிலில் உயரத்தை அச்சிடுவதற்குப் பதில் கவாத்துத் தேதியையும் அறுவடைத் தேதியையும் அச்சிட்டால் குடிக்கிறவருக்கு உண்மையான செய்தி கிடைக்கும். செப்டம்பர் 20இல் வெட்டியதா, அக்டோபர் 25இல் வெட்டியதா என்பது அந்த ஒயினைப் பற்றி 600 மீட்டரைவிட அதிகம் சொல்லும்.

அந்தத் தேதிதான் இப்போது ஆபத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை முன்போல் செப்டம்பரோடு விடைபெறுவதில்லை. 2019இல் அக்டோபர் முடிந்தும் மழை நிற்காமல், முன்கூட்டி வெட்டிய தோட்டங்களில் பூங்கொத்து அழுகியது. பயந்தவர் வெட்டை நவம்பருக்குத் தள்ளினால் பழம் ஏப்ரல் வெயிலில் போய் நிற்கும். அறுவடைக் காலத்திலும் நிம்மதி இல்லை. 2014இல் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் விழுந்த ஆலங்கட்டி பல தாலுகாக்களைச் சிதைத்தது. முன்னே மழை, பின்னே வெயில். நடுவில் இருந்த குளிர் ஜன்னல் இரண்டு பக்கமும் குறுகுகிறது.

சால்தாவில் வெப்பம் கூடினால் இன்னும் இருநூறு மீட்டர் மேலே ஏறி நடலாம். அவர்களுக்கு மலை மிச்சம் இருக்கிறது. நாசிக்கில் ஏறுவது என்றால் மேற்கே, இகத்புரிக்கும் திரியம்பகத்துக்கும். அங்கே போகப் போக மழை கூடும், அக்டோபர் வெட்டு இன்னும் தள்ளிப்போகும். கிழக்கே போனால் வறட்சி உண்டு, உயரம் குறையும், வெயில் கூடும். எனவே மிஞ்சும் வழிகள் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. தின்னும் திராட்சைக்காரர்கள் இப்போதே வரிசைகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போடத் தொடங்கிவிட்டார்கள். ஒயினுக்கு அந்தச் செலவு கட்டுமா என்பது விலையைப் பொறுத்தது. வெயிலில் புளிப்பை விடாத ஸ்பெயின், போர்ச்சுகல், தென் இத்தாலி வகைகளைக் கூடுதலாக நட்டுப் பார்க்கலாம். ஷிராஸைவிடச் சில வாரம் முன்னதாகக் கனிகிற டெம்ப்ரனில்யோ நாசிக்கில் ஏற்கெனவே காலூன்றியிருக்கிறது. புதுக் கொடி நட்டு மூன்றாம் ஆண்டில்தான் முதல் மகசூல். அது நம்பத்தக்க ஒயினாக மாற இன்னும் பத்து ஆண்டாவது ஆகும். அதுவரை அந்த விவசாயிக்குப் பழத்துக்கு உறுதியான விலை சொல்லி, எழுதிக் கொடுத்து, 2008 மாதிரி கைவிடாமல் நிற்க ஆலைகளும் அரசும் தயாராக வேண்டும்.